திரைக்குப் பின்னால் ஒரு பிற்பகல்: நியூயார்க் ‘மூவிங் இமேஜ்’ அருங்காட்சியகத்துக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் அஸ்டோரியா என்றொரு பேட்டை. அங்கே 35வது அவென்யூவும் 37வது தெருவும் சந்திக்கும் முனையில் ‘மியூசியம் ஆஃப் தி மூவிங் இமேஜ்’ இருக்கிறது. சினிமா, தொலைக்காட்சி, வீடியோ கேம், இணையக் காணொளி என்று அசைகிற படம் எதுவானாலும் அவர்களுக்குச் சரக்குதான். மன்ஹாட்டனின் நடுப்பகுதியிலிருந்து சப்வேயில் அரை மணிக்குள் போய்விடலாம். ஆனாலும் பிள்ளைகளைப் பார்க்க நியூஜெர்சிக்கு வந்து மாதக்கணக்கில் தங்கும் நம்மூர்ப் பெற்றோர்கள் போகிற இடங்களின் பட்டியலில் இது அநேகமாக இருப்பதில்லை. இத்தனைக்கும் சினிமா இல்லாமல் நமக்கு ஒரு நாள் போகாது.

இங்கே வருகிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகையினர் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பிரபலமான பொருள்களை மட்டும் தேடிப் பார்த்து, போனில் படம் எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் ‘முடிஞ்சது’ என்று வெளியே வந்துவிடுவார்கள். இன்னொரு வகையினர் அங்கங்கே இருக்கும் கருவிகளில் உட்கார்ந்து, பொத்தானை அழுத்தி, மைக்கில் பேசி, தப்பாகச் செய்து, மறுபடி செய்து மூன்று மணி நேரத்தைச் செலவழிப்பார்கள். இந்த இரண்டாவது கூட்டத்துக்கு ஆள் சேர்க்கத்தான் இந்தக் கட்டுரை.

1. முதலில் கிழமை பாருங்கள்

திங்கள், செவ்வாய், புதன் பொதுவாகத் திறப்பதில்லை. வியாழன், வெள்ளி பிற்பகலில்தான் கதவு திறக்கும். சனி, ஞாயிறு நண்பகலில். காலையிலேயே கிளம்பிப் போய் வாசலில் நிற்காதீர்கள். பள்ளி விடுமுறைக் காலத்தில் கூடுதலாகச் சில நாள்கள் திறப்பதுண்டு. பெரியவர்களுக்கு டிக்கெட் 20 டாலர் வாக்கில் இருக்கும், முதியவர்களுக்கும் மாணவர்களுக்கும் குறைவு. வாரத்தில் ஒரு பிற்பகல் காட்சிக்கூடங்களுக்குக் கட்டணமில்லாமல் விடுவது இவர்கள் வழக்கம். அது முன்பு வெள்ளிக்கிழமையாக இருந்தது, பிறகு வியாழனுக்கு மாறியது. ஆகவே நேரம், கட்டணம் இரண்டையும் கிளம்புவதற்கு முன் அவர்கள் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இலவச நாளா, கட்டண நாளா என்று கேட்டால் நான் கட்டண நாளைத்தான் சொல்வேன். இங்கே இருக்கிற நல்ல விஷயங்களில் பாதி, ஒரு சமயத்தில் ஓர் ஆளோ ஒரு குடும்பமோ மட்டும் உட்காரக்கூடியவை. கூட்டமான நாளில் வரிசையில் நின்றே நேரம் போய்விடும், பின்னால் காத்திருக்கிறவர்களைப் பார்த்தால் நமக்கும் நிதானமாகச் செய்ய மனசு வராது. வெள்ளிக்கிழமை பிற்பகல் அருமையான நேரம். ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள் கொண்டாடும் குழந்தைகள் பட்டாளமே வந்து இறங்கும்.

2. போகிற வழி

‘ஆர்’ ரயிலில் ஏறினால் ஸ்டைன்வே ஸ்ட்ரீட் நிறுத்தம், ‘என்’ ரயிலில் ஏறினால் 36வது அவென்யூ நிறுத்தம். வார நாள்களில் ஸ்டைன்வேக்கு ‘எம்’ ரயிலும், 36வது அவென்யூவுக்கு ‘டபிள்யூ’ ரயிலும் உண்டு. சனி, ஞாயிறு இந்த இரண்டையும் நம்ப வேண்டாம். எந்த நிறுத்தத்தில் இறங்கினாலும் பத்து நிமிடத்துக்குள் நடந்துவிடலாம். 36வது அவென்யூ நிறுத்தம் தெருவுக்கு மேலே தூண்களில் நிற்கும் ரயில்பாதையில் இருக்கிறது, படி இறங்க வேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் கூட இருந்தால் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நியூஜெர்சியின் எடிசன், மெட்டுச்சன் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ரயிலில் பென் ஸ்டேஷனில் இறங்கி, 34வது தெருவில் கிழக்கே ஒரு அவென்யூ நடந்தால் ஹெரால்ட் ஸ்கொயர் சப்வே. மேலே சொன்ன ரயில்கள் எல்லாமே அங்கே நிற்கும். ‘குயின்ஸ் போகும்’ என்று எழுதியிருக்கும் நடைமேடையில் ஏற வேண்டும், அவ்வளவுதான். கட்டணத்துக்குத் தனி அட்டை வாங்கித் தேட வேண்டியதில்லை; கிரெடிட் கார்டையோ போனையோ நுழைவாயிலில் காட்டினால் போதும்.

3. உள்ளே நுழையும் முன் கட்டடத்தைப் பாருங்கள்

இந்த வளாகமே ஒரு பழைய ஸ்டூடியோ. பின்னாளில் பாரமவுண்ட் என்று பெயர் பெற்ற நிறுவனம் 1920ல் கட்டியது. ஹாலிவுட் இருக்கும்போது குயின்ஸில் எதற்கு ஸ்டூடியோ என்று தோன்றும். காரணம் பிராட்வே. நாடக மேடையில் புகழ்பெற்ற நடிகர்கள் நியூயார்க்கிலேயே இருந்தார்கள். பகலில் ஆற்றைக் கடந்து வந்து படத்தில் நடித்துவிட்டு, மாலையில் திரும்பிப் போய் மேடை ஏறலாம். மார்க்ஸ் சகோதரர்கள் என்ற நகைச்சுவை நடிகர்களின் முதல் இரண்டு பேசும் படங்கள் 1929லும் 1930லும் இங்கே எடுத்தவைதான். முதல் படத்தை எடுத்துக்கொண்டிருந்தபோது பகலில் படப்பிடிப்பு, இரவில் வேறொரு நாடகம் என்று ஓடினார்கள். சினிமா பேச ஆரம்பித்ததும் வசனம் பேசத் தெரிந்த ஆள் தேவைப்பட்டபோது இந்த ஸ்டூடியோவுக்கு மவுசு கூடியது. நாடகக் கம்பெனிகளிலிருந்து நடிகர்கள் வந்து நிரம்பிய நம்மூர் ஆரம்பகாலப் பேசும் படங்களை நினைத்துக்கொண்டால் சங்கதி உடனே புரியும்.

1942ல் அமெரிக்க ராணுவம் ஸ்டூடியோவை எடுத்துக்கொண்டு, சிப்பாய்களுக்கான பயிற்சிப் படங்களைத் தயாரித்தது. போர் முடிந்த பிறகும் கால் நூற்றாண்டு அது ராணுவத்திடமே இருந்தது. அருங்காட்சியகம் 1988ல் திறக்கப்பட்டது. தாமஸ் லீசர் என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் விரிவாக்கி 2011ல் மறுபடி திறந்தார்கள். பக்கத்திலேயே காஃப்மன் அஸ்டோரியா ஸ்டூடியோவில் இன்றும் படப்பிடிப்பு நடக்கிறது. ‘செசமி ஸ்ட்ரீட்’ குழந்தைகள் நிகழ்ச்சி 90களிலிருந்து அங்கேதான் எடுக்கப்படுகிறது.

வரவேற்புக் கூடத்தில் 50 அடி நீளச் சுவர் முழுக்க ஏதாவது ஒரு படம் ஓடிக்கொண்டிருக்கும். டிக்கெட் வாங்கும்போதே மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: இன்று திரையரங்கில் ஏதாவது படம் உண்டா, அதற்குத் தனி டிக்கெட்டா, வீடியோ கேம் ஆட டோக்கன் வேண்டுமா.

4. லிஃப்டில் மேலே போய், இறங்கி வாருங்கள்

‘பிஹைண்ட் தி ஸ்க்ரீன்’ என்பதுதான் நிரந்தரக் கண்காட்சி. இரண்டு தளங்களில் பரவியிருக்கிறது. மூன்றாம் தளத்தில் தொடங்கி இரண்டாம் தளத்துக்கு இறங்குவது வசதி.

முதலில் கண்ணில் படுவது படம் அசைவதற்கான அடிப்படை விளையாட்டுச் சாமான்கள். சுழலும் உருளையின் பிளவுகள் வழியாக உள்ளே பார்த்தால் குதிரை ஓடும். பள்ளியில் ‘கண்ணில் பிம்பம் சற்று நேரம் தங்குகிறது, அதனால் அசைவு தெரிகிறது’ என்று படித்திருப்போம். அது பாதிக் கதைதான். பிம்பம் தங்குவது மட்டுமே காரணமென்றால் படங்கள் ஒன்றின் மேல் ஒன்று அப்பிக் கலங்கலாகத்தான் தெரியும். அடுத்தடுத்த நிலைகளை ஒரே பொருளின் நகர்வு என்று சேர்த்துக்கொள்வது மூளையின் வேலை. இதைப் பார்க்க கிரெகரி பார்சாமியன் என்ற கலைஞரின் பெரிய சுழலும் சிற்பம் ஒன்று இருக்கிறது. அடுத்தடுத்த நிலையில் செய்த சிறுசிறு உருவங்கள் வேகமாகச் சுற்றும். விளக்கு விட்டுவிட்டு மின்னும். அந்த மின்னலில் உருவங்கள் உயிர்பெற்று உருமாறும். சாதாரண வெளிச்சத்தில் வெறும் மங்கல்தான். கூட வருகிறவர்களில் யாருக்காவது வலிப்பு நோய் இருந்தால், மின்னும் விளக்கு என்பதால் அந்தப் பக்கம் போகாமல் தவிர்த்துவிடுங்கள்.

பக்கத்திலேயே நீங்களே படம் செய்யும் மேசைகள். காகிதத்தில் வெட்டிய உருவங்களைப் பின்னணியில் வைத்து, கொஞ்சம் நகர்த்தி, ஒரு படம் எடுத்து, மறுபடி நகர்த்தி இன்னொன்று. புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, உருவத்தை ஒரேயடியாகத் தூக்கி வைப்பது. ஓட்டிப் பார்த்தால் வெட்டுக்கிளி மாதிரி தாவும். அரை விரல் அகலத்துக்கு மேல் நகர்த்தாதீர்கள். கிளம்பும்போதும் நிற்கும்போதும் அதைவிடக் குறைவாக, நடுவில் மட்டும் சற்றுக் கூடுதலாக நகர்த்தினால் அசைவுக்கு எடை வந்துவிடும். கையை எடுத்த பிறகே பொத்தானை அழுத்துங்கள். இல்லையென்றால் நடுவில் ஒரு ராட்சத விரல் வந்து போகும். ஒரு நொடிக்கு 12 படம் என்று வைத்தாலும் 10 நொடிக் கதைக்கு 120 தடவை அழுத்த வேண்டும். பத்து வயதுப் பையனுக்கு அனிமேஷன் என்றால் என்னவென்று விளக்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

கேமராக்கள் இருக்கும் பகுதியைச் சினிமாப் பைத்தியங்கள் சும்மா கடக்க முடியாது. சென்னை ஸ்டூடியோக்களில் ஒரு காலத்தில் கோலோச்சிய மிச்செல் கேமராவை இங்கே பார்க்கலாம். 35 எம்.எம். ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 சட்டங்கள், அதாவது 16 ஃபிரேம்கள். நொடிக்கு 24 சட்டங்கள் என்றால் ஒன்றரை அடி ஃபிலிம் ஒவ்வொரு நொடியும் ஓடும். ஆயிரம் அடி ரீல் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். கேமராவின் தலையில் இரண்டு காதுகள் மாதிரி நிற்கும் பெட்டி, அந்த 11 நிமிடத்தை வைத்துக்கொள்ளத்தான். இதை மனசில் போட்டுக்கொண்டு பார்த்தால், பழைய படங்களில் ஒரே ஷாட்டில் நீளமாக வரும் காட்சிகளின் மேல் தனி மரியாதை வரும்.

5. டப்பிங் அறையில் தமிழில் பேசுங்கள்

என்னைக் கேட்டால், வேறு எதையும் பார்க்காவிட்டாலும் இதைச் செய்யாமல் வராதீர்கள். சிறு அறை, ஒரு திரை, ஒரு மைக். பழைய ஹாலிவுட் படக் காட்சிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மூல வசனம் ஒருமுறை ஒலிக்கும். அப்புறம் குரல் அணைந்து வாய் மட்டும் அசையும். நீங்கள் பேச வேண்டும். பேசியதைப் படத்தோடு சேர்த்து உடனே ஓட்டிக் காட்டும்.

ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தமிழ் டப்பிங்கில் ஹாலிவுட் படம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், இது நம் ஏரியா. ஆனால் உட்கார்ந்த பிறகுதான் தெரியும் கஷ்டம். வாயசைவு முடிந்த பிறகும் நம் வாக்கியம் ஓடிக்கொண்டிருக்கும். இதற்கு டப்பிங் எழுதுகிறவர்களின் சூத்திரம் ஒன்று உண்டு. உதடு மூடும் இடங்களைத்தான் முதலில் பார்ப்பார்கள். ப, ம, வ போன்ற ஒலிகளில்தான் உதட்டின் வேலை வெளியே தெரியும். திரையில் உதடு ஒட்டும் இடத்தில் தமிழிலும் உதடு ஒட்டும் சொல் விழுந்துவிட்டால், மற்ற இடங்களில் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் காது மன்னித்துவிடும். அதனால் முதல் தடவை பேசாதீர்கள். வசனத்தைக் கேட்டுக்கொண்டே உதட்டை மட்டும் பாருங்கள். எங்கே மூடுகிறது, கடைசியில் எப்போது நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, அதற்குத் தோதாக ஒரு சின்ன வாக்கியம் கட்டுங்கள். இரண்டாவது தடவையில் பொருந்தாவிட்டால் மூன்றாவதில் பொருந்திவிடும்.

இன்னொன்று மூச்சு. தொழில்முறை டப்பிங்கில் மூன்று ‘பீப்’ ஒலிக்கும்; நான்காவது விழ வேண்டிய இடத்தில் பேச்சைத் தொடங்க வேண்டும். மூன்றாவது பீப்பிலேயே மூச்சை இழுத்து வைத்திருக்காவிட்டால் முதல் எழுத்து தாமதமாகிவிடும். அரசியல் மேடையில் மணிக்கணக்கில் பேசுகிற ஆள்கூட இந்த அரை நொடியில் திணறுவார். வீட்டில் சீரியலைத் திட்டிக்கொண்டே பார்க்கும் மாமியாரை மைக்குக்கு முன்னால் உட்கார வையுங்கள். ஒரு டேக்கில் பிய்த்து உதறிவிடுவார்.

அடுத்தடுத்து ஒலி சம்பந்தப்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. ஒரு காட்சிக்குச் சத்தங்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கலாம். ஒரே காட்சிக்கு வேறுவேறு பின்னணி இசை போட்டுப் பார்க்கலாம். ஆர்.ஆர். என்று நம் சினிமாக்காரர்கள் சொல்லும் வேலையில் ஒரு படம் எப்படித் தலைகீழாக மாறும் என்பதை, ரசிகர் மன்றச் சண்டை எதுவும் இல்லாமல் இங்கே நேரடியாகப் பார்த்துவிடலாம். இசையே இல்லாத நிலையில் ஒருமுறை முழுதாக ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் இசையைச் சேருங்கள்.

6. நேரலைக் கட்டுப்பாட்டு அறை: அவசரப்படாதீர்கள்

ஒரு சுவர் நிறைய சின்னச் சின்னத் திரைகள். ஒரு பேஸ்பால் ஆட்டத்தை நேரலையில் ஒளிபரப்பியபோது ஒவ்வொரு கேமராவும் எடுத்துக்கொண்டிருந்தது அதில் தனித்தனியாக ஓடும். இயக்குநரின் குரல் மேலே: இந்த கேமரா தயாராக இரு, இப்போது இதற்குப் போ, அதற்குப் போ. வீட்டில் டிவியில் தெரிந்தது நடுத்திரையில். குரல் நிற்கவே நிற்காது.

பேஸ்பால் நமக்குப் புரியாதே என்று பெரும்பாலானோர் நகர்ந்துவிடுகிறார்கள். கிரிக்கெட் பார்த்தவர்களுக்கு இதில் புரிய ஆட்ட விதி எதுவும் வேண்டியதில்லை. ஒரே ஒரு சின்னத் திரையை மட்டும் தேர்ந்தெடுத்து ஐந்து நிமிடம் பாருங்கள், ஆட்டக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்க்கும் கேமராவாக இருந்தால் நல்லது. யாரோ எச்சில் துப்புவார், யாரோ தொப்பியைச் சரிசெய்வார், ஒன்றுமே நடக்காது. திடீரென்று ஒருவர் முகம் மாறும். அதை அந்த ஒளிப்பதிவாளர் பிடித்து வைத்திருப்பதை ஓரக்கண்ணால் பார்த்து, பந்து பிடிபடும் முன்பே இயக்குநர் அந்த முகத்துக்குத் தாவியிருப்பார். நாம் வீட்டில் ‘என்ன ஒரு எக்ஸ்பிரஷன்!’ என்று சொல்லும் இடம் அதுதான். தோனி ஓய்வறைப் படிக்கட்டில் நிற்கும் ஷாட்டை எத்தனை தடவை பார்த்திருப்போம்! அது தானாக நம் வீட்டுக்கு வரவில்லை என்பது இங்கே ஐந்து நிமிடத்தில் விளங்கும்.

7. கண்ணாடிப் பெட்டிகளில் எதைப் பார்ப்பது

ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருள்கள். எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தால் கால் கடுக்கும். மேக்கப், விக், பொம்மை உருவங்கள் இருக்கும் பகுதிக்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள். 1973ல் வந்த ‘எக்ஸார்சிஸ்ட்’ படத்தில் தலையை முழுச் சுற்று திருப்பும் சிறுமியின் பொம்மை இருக்கிறது. சின்னக் குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டு சுற்றிப் போவது உத்தமம். ‘காட்ஃபாதர்’ படத்தில் மார்லன் பிராண்டோவின் தாடை கனமாகத் தொங்குவதற்காக வாய்க்குள் மாட்டிய பல்கருவியும் இவர்கள் சேகரிப்பில் உண்டு. ஒரு பல் மருத்துவர் மேசையில் கிடக்கும் சாமான் போல்தான் இருக்கும். அந்த மனிதரின் குரலும் முகமும் மாறியதற்கு அந்தத் துண்டும் ஒரு காரணம். இரண்டையும் வடிவமைத்தவர் டிக் ஸ்மித் என்ற ஒரே மேக்கப் கலைஞர்.

நட்சத்திரங்களின் பெயரில் விற்ற டிபன் பெட்டி, பொம்மை, பொத்தான் வகையறாக்கள் ஒரு பெரிய அலமாரி நிறைய இருக்கும். கடந்து போகும்போது பார்த்தால் போதும். பழைய டிவி பெட்டிகளில் மட்டும் சற்று நில்லுங்கள். திரை உள்ளங்கை அகலமும் பெட்டி பீரோ உயரமும் இருக்கும்.

எகிப்தியக் கல்லறை போல் வண்ணம் தீட்டிய ஒரு சின்னத் திரையரங்கும் உள்ளேயே இருக்கிறது. ரெட் க்ரூம்ஸ், லிசியான் லுவோங் இருவரும் செய்த கலைப்படைப்பு அது. 1920களில் அமெரிக்காவில் எகிப்து மோகத்தில் கட்டிய ஆடம்பரத் தியேட்டர்களைக் கிண்டலும் பாசமுமாகக் காட்டுகிறது. உள்ளே உட்கார்ந்து பழைய தொடர்படம் பார்க்கலாம். கால் வலிக்கு நல்ல இடம்.

8. பொம்மைக்காரர் ஜிம் ஹென்சன்

2017ல் திறந்த நிரந்தரக் கண்காட்சி. கெர்மிட் தவளை, மிஸ் பிக்கி, செசமி ஸ்ட்ரீட் பொம்மைகள் என்று 300 பொருள்கள் வரை உண்டு; ஹென்சன் குடும்பத்தார் கொடுத்தவை. குழந்தைகளுக்கான பகுதி என்று ஒதுக்கிவிடாதீர்கள். பொம்மலாட்டத்தில் மேடையும் திரைச்சீலையும் இருக்கும், ஆட்டுகிறவர் அதற்குப் பின்னால் இருப்பார். ஹென்சன் 1955ல் டிவியில் தொடங்கியபோது, டிவியின் சட்டமே மேடை என்று முடிவு செய்தார். கேமராவுக்குக் கீழே ஆள் நின்று கையைத் தூக்கிப் பிடிப்பார். தான் ஆட்டுவதைத் தரையில் வைத்த மானிட்டரில் பார்த்துக்கொண்டே ஆட்டுவார். பார்வையாளர் பார்க்கும் அதே படத்தை ஆட்டுகிறவரும் பார்க்கிறார், அதனால்தான் பொம்மையின் பார்வை அவ்வளவு துல்லியமாக இருக்கும்.

இதை நீங்களே செய்து பார்க்க ஓரிடம் இருக்கிறது. கையில் பொம்மையை மாட்டி, எதிரே உள்ள திரையைப் பார்த்து ஆட்ட வேண்டும். முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பழகிய கை, இடது என்று நினைத்து வலதுக்குப் போகும். ஒரு யோசனை: வாயைத் திறக்கும்போது மேல்தாடையைத் தூக்காதீர்கள், கட்டைவிரலைக் கீழே இறக்குங்கள். மேல்தாடை எழும்பினால் பொம்மை கூரையைப் பார்க்கும். வலது கை தலைக்குள் போய்விடுவதால் பொம்மையின் கையை ஆட்டுகிறவரின் இடது கை பார்த்துக்கொள்ளும். இந்தப் பொம்மைகளில் பல இடதுகைப் பழக்கம் உள்ளவையாகத் தெரிவது இதனால்தான்.

9. வீடியோ கேமும் இணையமும்

பழைய ஆர்கேட் இயந்திரங்கள் ஓடும் நிலையிலேயே வைக்கப்பட்டிருக்கின்றன. 1989லேயே வீடியோ கேமுக்கென்று ஒரு கண்காட்சி நடத்தியவர்கள் இவர்கள். அப்போது ‘இதெல்லாம் மியூசியத்தில் வைக்கிற சரக்கா’ என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். 2015ல் இணையத்தைப் பூனை வீடியோக்கள் எப்படிப் பிடித்தன என்றும், 2021ல் டீப்ஃபேக் பற்றியும் கண்காட்சி வைத்தார்கள். டீப்ஃபேக் கண்காட்சியில், நிலவுக்குப் போனவர்கள் திரும்பி வரவில்லை என்று அதிபர் நிக்சன் அறிவிப்பது போன்ற போலிக் காணொளி, 60களின் வீட்டு வரவேற்பறை போல் அமைத்த இடத்தில் பழைய டிவியில் ஓடியது. அப்படி ஒரு உரை நிஜமாகவே எழுதி வைக்கப்பட்டிருந்தது. நிக்சன் அதைப் படிக்க நேரவில்லை. இப்படி மாறிக்கொண்டே இருக்கும் கண்காட்சிகளும் உண்டு என்பதால், நீங்கள் போகும் மாதத்தில் என்ன ஓடுகிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

10. முடிந்தால் ஒரு படம் பாருங்கள்

267 இருக்கைகள் கொண்ட பெரிய அரங்கில் 35 எம்.எம்., 70 எம்.எம். பிரதிகளை இன்னும் திரையிடுகிறார்கள். அறிவிப்பில் ‘35எம்எம்’ என்று போட்டிருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். திரையின் வலது மேல் மூலையைக் கவனித்துக்கொண்டிருந்தால், 20 நிமிடத்துக்கு ஒருமுறை சின்ன வட்டப் புள்ளி ஒன்று மின்னி மறையும். இன்னும் எட்டு நொடியில் ரீல் முடியப்போகிறது, இரண்டாவது புரொஜக்டரைக் கிளப்பு என்று ஆபரேட்டருக்குச் சொல்லும் குறி அது. அடுத்த புள்ளியில் மாற்றிவிடுவார். ஊர் தியேட்டரில் ஆபரேட்டர் அசந்து தூங்கிவிட்டால் திரை வெளுத்துப்போய் விசில் பறக்குமே, அந்த விவகாரத்தின் வேர் இந்தப் புள்ளிதான். மூன்றாம் தளத்தில் கருவிகளைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தால், மேலே அறையில் ஒருவர் இதைச் செய்துகொண்டிருக்கிறார் என்ற நினைப்போடு படம் பார்க்கலாம்.

11. சின்னச் சின்ன விஷயங்கள்

விளக்கப் பலகைகள் ஆங்கிலத்தில்தான். படிக்கச் சிரமப்படும் பெரியவர்களோடு போனால் டப்பிங், பொம்மை, கட்டுப்பாட்டு அறை, எகிப்தியத் தியேட்டர் இந்த நான்கையும் முதலில் முடித்துவிடுங்கள். இவற்றுக்குப் பலகை தேவையில்லை. எல்லாத் தளத்துக்கும் லிஃப்ட் உண்டு. ஃப்ளாஷ் இல்லாமல் படம் எடுப்பதைப் பொதுவாக யாரும் ஆட்சேபிப்பதில்லை, தடை உள்ள இடத்தில் அடையாளம் இருக்கும். கேமரா முன் சில நொடி ஆடிக் காட்டினால் அதையே கையடக்கப் புரட்டுப் புத்தகமாக அச்சிட்டுத் தரும் ஒரு சாவடி இருக்கிறது. விலை கொடுத்துக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். அதில் நிற்கும்போது கையை மட்டும் ஆட்டாமல் இடத்தை விட்டு நகர்ந்து ஆடுங்கள், புரட்டும்போது அப்போதுதான் அசைவு தெரியும்.

பசிக்கு: ஸ்டைன்வே தெருவிலேயே வடக்கே கால் மணிக்கு மேல் நடந்தால் எகிப்தியக் கடைகள் வரிசையாக வரும். அந்தத் துண்டுக்கு ‘லிட்டில் ஈஜிப்ட்’ என்றே பெயர். இட்லி தோசை இல்லாமல் சரிப்படாது என்றால் ‘ஆர்’ ரயிலில் நான்கு நிறுத்தம் தள்ளி ரூஸ்வெல்ட் அவென்யூவில் இறங்குங்கள். வெளியே வந்தால் ஜாக்சன் ஹைட்ஸ் 74வது தெருவில் நம் பக்கத்துக் கடைகள். இன்னும் பொறுமை இருந்தால் அங்கேயே ‘7’ ரயிலுக்கு மாறிக் கடைசி நிறுத்தமான ஃப்ளஷிங் போய், பவுன் தெரு பிள்ளையார் கோயில் கேன்டீனில் தோசை சாப்பிடலாம். ஆனால் அருங்காட்சியகம் மூடும் வரை இருந்துவிட்டுக் கிளம்பினால் கேன்டீன் மூடும் நேரமும் நெருங்கியிருக்கும், ஆகவே போன் போட்டுக் கேட்டுவிட்டு ரயில் ஏறுங்கள்.